கொட்டகைன்னே போடுங்க சார்

புத்தம் புதிதாகக் கட்டி, குளிர்சாதனம் போட்டு, சிவப்பு நாற்காலிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்த ஒரு பெரிய அரங்கத்தின் நட்ட நடுவில் நின்றுகொண்டு, பாய் இரண்டு கைகளையும் சேர்த்து ஒரே ஒரு தட்டு தட்டினார். தட்டிவிட்டு, வலது காதை மேடைப் பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். தங்கள் அரங்கத்தையும் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தி எங்களை உள்ளே அழைத்துவந்த மேலாளர், ஏதோ நல்ல வார்த்தை வரப்போகிறது என்று சிரித்த முகமாகக் காத்திருந்தார். பாய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "சார், இது கல்யாண மண்டபம். பந்தி போடலாம். நாடகம் போட முடியாது." அந்த மேலாளரின் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதற்குப் பின்னால் நடந்ததை நினைத்தால், வந்த சிரிப்பு பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடுகிறது.

பாய் கூத்தாநல்லூர்க்காரர். 'மைக் செட் பாய்' என்றால் மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, மீலாது விழா, கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா எதுவானாலும் அவருடைய பழைய வேனிலிருந்துதான் குழாய் ஸ்பீக்கர் இறங்கும். நான் தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, தலையாட்டிப் பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு ரயிலேறி விடுகிறார்கள், அவர்களை இன்னும் இரண்டு நாள் இங்கே பிடித்துவைக்க என்ன வழி என்று மேலே யாருக்கோ யோசனை வந்திருக்கிறது. தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் பார்க்க வேண்டிய பழைய நாடக, இசை அரங்குகளைப் பற்றி ஒரு கையேடு போடும்படி உத்தரவு வந்தது. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. எந்த ஊரில் எந்த மேடை இருக்கிறது என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. யாருக்குத் தெரியும் என்று விசாரித்தபோது எல்லோரும் பாயைத்தான் சொன்னார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையே நான்தான். அலுவலகத்தில் எனக்குப் 'புலவர்' என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் அல்ல. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுக் கோப்பு தள்ளுகிற வேலைக்கு வந்த ஆற்றாமையோ என்னவோ, கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் திருத்துகிற வியாதி எனக்கு. மதியம் டீ வாங்கிவரச் சொல்லி யாராவது சீட்டெழுதினால், அதிலும் 'தேநீர்' என்று பென்சிலால் மாற்றிவிட்டுத்தான் அனுப்புவேன். 'பஸ் ஸ்டாண்டு' என்று எழுதிய வரைவு என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. என் மனைவி சில நாள் தட்டை வைத்துக்கொண்டே கேட்பாள்: "சோறு போடவா, இல்ல உணவு பரிமாறவா? எது சரின்னு சொல்லிருங்க, அப்பறம் குத்தம் சொல்லக் கூடாது." நான் அதற்கும் 'குத்தம்' இல்லை, 'குற்றம்' என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அன்றைக்கு ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டும் இருக்கிறேன்.

இரண்டு மாதம் பாயின் வேனில் அலைந்தோம். ஒவ்வொரு ஊரிலும் முதல் தொல்லை சாவி. பழைய சபா கட்டடம் ஆகட்டும், சத்திரத்து மேடை ஆகட்டும், பூட்டியிருக்கும். சாவி வைத்திருப்பவர் கும்பகோணம் போயிருப்பார். இந்தச் சுற்று வட்டாரத்தில் சாவி வைத்திருக்கிற அத்தனை பேரும் கும்பகோணத்தில் போய் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று நான் எரிந்து விழுவேன். பாய் அசைந்து கொடுக்க மாட்டார். "இருங்க சார், வந்துருவாரு" என்று வேனின் படியில் உட்கார்ந்துவிடுவார். கதவு திறந்ததும் உள்ளே போய் நடுவில் நின்று ஒரு தட்டு. அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. அரண்மனையில் சங்கீத மகாலுக்குப் போனபோது, என்னை ஒரு கோடியில் நிறுத்திவிட்டு, எதிர்க் கோடியிலிருந்து மெதுவாக, "எங்க வீட்டுல இன்னிக்கு நெத்திலி ஆணம் சார், சாப்பிட வாங்க" என்றார். பக்கத்து இலையில் உட்கார்ந்து சொன்னது போல இருந்தது. நான் மீன் சாப்பிட மாட்டேன் என்று அதே குரலில் பதில் சொன்னேன். அவர் வெறுமனே தலையை ஆட்டினார். நடந்து என் பக்கத்தில் வந்ததும், "பாட்டுக்கு இத அடிச்சுக்க முடியாது சார். பேச்சுன்னா கல்லுல முட்டி முட்டிச் சுத்திக்கிட்டே நிக்கும்" என்றார். என்னுடைய பதில் அவருக்குக் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். திருவாரூரில் கோயில் மண்டபத்துக்கு நாகஸ்வரத்தைத் தவிர வேறு எதுவும் சரிப்பட்டு வராது. திருவையாற்றில் காவிரிக் கரையில் போடுகிற பந்தலில், காற்று ஆற்றிலிருந்து வீசுகிற நேரம் பார்த்துப் பாடகரை உட்கார வைக்க வேண்டும். மேலட்டூரில் தெருவே அரங்கம், இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களும்தான் அங்கே மைக் செட். இப்படி ஒரு தகவல் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதியிருந்தால் அது ஒரு நல்ல கையேடாக வந்திருக்கும். நான் அதை 'ஒலியியல் சிறப்பு மிக்கது' என்று ஒரே வாக்கியமாகத் திருத்தி எல்லா அரங்குகளுக்கும் போட்டேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பேரூர். பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கே ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நெல் கிடங்கோ என்று தோன்றும்: நீளமான ஓட்டுக் கூரை, சுண்ணாம்பு உதிர்ந்த தாழ்ந்த சுவர். உள்ளே போனால் பனஞ்சட்டத்துக் கூரை, உட்கார ஆற்று மணல் பரப்பிய தரை, எதிரே இடுப்பளவு உயரத்தில் பலகை மேடை. மேடைக்கு அடியில் பள்ளம். மேடையின் பின்சுவரும் பலகைதான். நாங்கள் போனபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தையற்கடைக்காரர் ஒருவர் ராஜாவாக நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ராஜமாதா. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவர் மந்திரி. வருஷா வருஷம் தை அறுவடை முடிந்ததும் பத்து நாள் இவர்கள் நாடகம் போடுவார்களாம். ராஜமாதா, "நீங்க வசனத்த முழுங்குறீங்க, நான் எப்படி அழுவறது?" என்று ராஜாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ராஜா, "நீங்க பள்ளிக்கூடத்துல அதட்டுற மாதிரியே அழுவுறீங்க டீச்சர், பயமா இருக்கு" என்றார்.

பாய் அங்கே கை தட்டவில்லை. கடைசியில், வாசலுக்குப் பக்கத்தில், மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மந்திரி ஏதோ ஒரு சிலேடை சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். பாய் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றரை மாதமாக வேனில் நான் எத்தனையோ வேடிக்கை சொல்லியிருக்கிறேன், மனிதர் ஒன்றுக்கும் சிரித்ததில்லை. ரசனை கெட்ட ஆள் என்று உள்ளூர எனக்கு ஒரு தாங்கல்கூட இருந்தது. ஒத்திகை இடைவேளையில் அவரே சொன்னார், ஊருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை ஒப்படைக்கிற மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு: "இடது காது சுத்தமாப் போச்சு சார். வலது காதும் அரைகுறைதான். நாப்பது வருஷம் குழாய்க்குக் கீழயே நின்னா என்ன ஆவும்? சத்தம் கேக்குது. சொல்லு கேக்க மாட்டேங்குது. வீட்டுல பேரப்புள்ள கத கேட்டா, எதக் கேக்குதுன்னு தெரியாம சும்மா தலைய ஆட்டுறேன். இந்தக் கொட்டகையில மட்டும் சொல்லு சொல்லாக் கேக்குது. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. மணலா, பலகையான்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்." காது போன மைக் செட்காரருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால் யாரிடமும் சொல்லவில்லை என்றார். அந்தப் பத்து நாளும் எந்தக் கல்யாணத்தையும் ஒப்புக்கொள்ளாமல் இங்கே வந்து உட்கார்ந்து விடுவாராம். மைக் போட அல்ல; நாடகக்காரர்களிடம் 'இங்க மைக் வேண்டாம்' என்று சொன்னதே அவர்தான்.

கிளம்புகிற நேரத்தில்தான் இன்னொன்றும் சொன்னார். பேரூராட்சியில் இந்தக் கொட்டகையை இடித்துவிட்டுக் கடைகள் கட்டத் தீர்மானம் போடப்போவதாகப் பேச்சு. சர்க்கார் புத்தகத்தில் 'பார்க்க வேண்டிய இடம்' என்று ஏறிவிட்டால், மேலே கேட்காமல் கை வைக்க மாட்டார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ சொன்னது சரிதான். அப்படி ஒரு சுற்றறிக்கை எங்கள் அலுவலகத்திலேயே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மாதமாக, டீசல் ஊற்றிவிட்டால் போதும், வண்டிக்கு வாடகை வேண்டாம் என்று அவர் என்னோடு அலைந்தது இந்த ஒரு பக்கத்துக்காகத்தான். "கண்டிப்பா சேத்துர்றேன் பாய்" என்றேன். "பேரு எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க என்ன சார் இருக்கு? கொட்டகைன்னே போடுங்க சார். ஊருல அதுக்கு வேற பேரு கிடையாது." சரி சரி என்று தலையாட்டினேன்.

தலையாட்டினேனே தவிர, வீட்டுக்கு வந்து எழுதுகோலைத் திறந்ததும் என் புத்தி வேலையைக் காட்டிவிட்டது. கொட்டகை! மாடு கட்டுகிற இடத்துக்கும் அதே சொல், ராஜாவும் ராஜமாதாவும் நிற்கிற இடத்துக்கும் அதே சொல்லா? போதாக்குறைக்கு அது வடசொல்லிலிருந்து வந்தது என்று எந்த அகராதியிலோ பார்த்த ஞாபகம் வேறு. இப்பேர்ப்பட்ட இடத்துக்கு ஒரு கௌரவமான பெயர் வேண்டாமா என்று, 'கலையரங்கம்' என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? வெளியூர்க்காரர்கள் வழி தெரியாமல் திண்டாடக் கூடாதே என்று, 'பேருந்து நிலையம் அருகில்' என்றும் சேர்த்தேன். பேருந்து நிலையத்திலிருந்து கொட்டகைக்குப் பத்து நிமிட நடை. அருகில் என்றால் அருகில்தானே. (அரங்கம் என்பதும் வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்று சண்டை இருப்பதாகப் பிற்பாடு ஒருவர் சொன்னார். போங்கடா என்று இருந்தது.)

புத்தகம் வழவழப்பான தாளில் வந்தது. முன்னுரையும் வாழ்த்துரையும் வழங்கியவர்களின் படங்களுக்கே பக்கங்கள் போய்விட்டதால், அரங்குகளில் அரண்மனைக்கு மட்டும் படம். முதல் பிரதியைப் பாயிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசியில் நிமிர்ந்து, "கொட்டகை எங்க சார்?" என்றார். நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். படித்தார். முகம் மாறியது. "கலையரங்கம்னா பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு சிமிண்டு மேடை நிக்குதே, அதுல்ல?" என்றார். அப்போதுதான் எனக்கும் அது நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் அப்படி ஒன்று உண்டு. யாராவது ஒரு மக்கள் பிரதிநிதியின் நிதியில் கட்டியிருப்பார்கள்: நான்கு தூண், ஒரு தளம், நெற்றியில் பெரிய எழுத்தில் 'கலையரங்கம்', அதைவிடப் பெரிய எழுத்தில் திறந்து வைத்தவர் பெயர். வருஷத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும். மற்ற நாளில் ஆடு படுத்திருக்கும். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "படிக்கிறவங்களுக்கு அதெல்லாம் புரியும் பாய். 'பழைமையானது'ன்னு போட்டிருக்கேன் பாருங்க" என்று அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினேன். "அந்தச் சிமிண்டு மேடையும் பழசுதான் சார்" என்றார் பாய்.

மூன்று மாதத்தில் பேரூராட்சியில் தீர்மானம் வந்துவிட்டது. பாய் புத்தகத்தை எடுத்துக்கொண்டு செயல் அலுவலரிடம் ஓடியிருக்கிறார். அந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. உட்கார வைத்து, சொத்துப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பதிவேட்டில், 'நாடகக் கொட்டகை, ஓட்டுக் கூரை, பழுதடைந்தது' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'கலையரங்கம், பேருந்து நிலையம் அருகில்' என்று இன்னொரு வரி. புத்தகத்திலும் அச்சு அசலாக அதேதான். "புத்தகத்துல போட்டிருக்கறது இதத்தான் பாய். இத நாங்க தொட மாட்டோம், கவலப்படாதீங்க. வெள்ளையடிச்சு போர்டு வைக்கவும் சொல்லிடறேன்" என்றிருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்குக்குப் பொட்டும் வைத்து, அர்ச்சனைக்கு ஏற்பாடும் செய்து கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை பாய் தஞ்சாவூருக்கு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். என் மேசைக்கு முன்னால் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஒரு வரி எழுதிக் குடுங்க சார். புத்தகத்துல இருக்கறது கொட்டகைதான், சிமிண்டு மேடை இல்லன்னு. நீங்கதான எழுதுனீங்க? உங்க கையெழுத்து போதும்னு அந்த ஆபீசரே சொல்றாரு" என்றார். அறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். அலுவலக நடைமுறைப்படி நான் நேரடியாக எதுவும் எழுதிக் கொடுக்க முடியாது, குறிப்பு எழுதி மேலே அனுப்பி உத்தரவு வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்று உரக்க எடுத்துச் சொன்னேன். என்ன புரிந்ததோ, "சரி சார், சீக்கிரம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடைமுறை என்று சொன்னேனே, அது பாதிப் பொய். அலுவலகத் தாளில்தான் எழுத முடியாது. வெள்ளைத் தாளில், 'இதை எழுதியவன் நான், நான் குறிப்பிட்டது கொட்டகையைத்தான், தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட யார் உத்தரவும் வேண்டியதில்லை. பதவி உயர்வுக்குப் பயந்தேன் என்று சொன்னாலாவது கேட்கிறவர்கள் மன்னிப்பார்கள். எனக்கு அப்போது பதவி உயர்வும் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. என் சொல் தப்பு என்று என் கையாலேயே எழுத எனக்கு வீம்பு இடம் கொடுக்கவில்லை. அலுவலகம் முழுக்க எல்லோருடைய எழுத்தையும் திருத்திக்கொண்டிருந்தவன், என் எழுத்தைத் திருத்த வேண்டி வந்ததும் நடைமுறை பேசினேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு என் மேல் வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை.

குறிப்பு எழுதினேன். அதையும் எப்படி எழுதினேன் என்கிறீர்கள்? 'பெயர்க் குழப்பம் குறித்துத் தெளிவுரை வழங்கலாமா என்பது பற்றி ஆணை வேண்டி' என்று எழுதினேன். கோப்பு மேலே போய், ஒரு வாரம் கழித்து, 'பேசவும்' என்று பச்சை மையில் ஒரே சொல்லோடு திரும்பி வந்தது. பேசப் போனேன். எங்கள் அதிகாரி ஊரில் இல்லை. இரண்டு நாள் கழித்துப் போனேன், கூட்டத்தில் இருந்தார். கடைசியில் பிடித்தபோது, "புத்தகம் வந்து இன்னும் மசிகூடக் காயல, அதுக்குள்ள தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? முன்னுரை எழுதுனவங்க என்ன நினைப்பாங்க? மறுபதிப்புல பாத்துக்கலாம் புலவரே" என்றார். நான் 'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டு வந்தேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்காவது ஒரு வெள்ளைத் தாளை எடுத்திருக்கலாம். நாளைக்கு எழுதலாம், திங்கட்கிழமை எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், ஜேசிபி வந்துருச்சு. பாய் உங்களைத்தான் கேக்குறாரு" என்றார். மன்னார்குடி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, நான் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. ஓட்டைப் பிரித்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். மேடைப் பலகைகளை ஒரு டிராக்டரில் ஏற்றியிருந்தார்கள். மேடைக்கு அடியிலிருந்த பள்ளம் வெயிலில் திறந்து கிடந்தது. தையற்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, துணி வெட்டுகிற கத்தரிக்கோலை மடித்த வேட்டியில் செருகிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி நின்றார். ஜேசிபி சுவரை முட்டுகிற ஒவ்வொரு முட்டுக்கும் தரை அதிர்ந்தது. பாய் அதற்கு மிகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தூசி அவர் தாடியெல்லாம் படிந்திருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றதும் திரும்பிப் பார்த்தார். "இது நல்லாக் கேக்குது சார்" என்றார். கோபமாக நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். மனிதர் அதையும் தரவில்லை.

அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பாய்க்குத் தொலைபேசி செய்து பயனில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாடகக்காரர்கள் இரண்டு வருஷம் சிமிண்டு மேடையில் போட்டுப் பார்த்தார்களாம். பஸ் ஹாரனுக்கு நடுவில் ராஜமாதா தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்ததாம். குழாய் ஸ்பீக்கர் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். பாய் ஒரு நாள் வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார் என்று தலைமையாசிரியை சொன்னார். வேனையும் செட்டையும் விற்றுவிட்டதாகவும் சொன்னார். நான் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் என்னைப் பாராட்டிப் பேசிய எல்லோரும் அந்தக் கையேட்டைத்தான் சொன்னார்கள்.

போன மாதம் அலுவலகத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் கூப்பிட்டாள். மரியாதையான பெண். "சார், உங்க கையேடு மறுபதிப்பு போடறோம். இந்தத் தடவ எல்லா எடத்துக்கும் போட்டோ உண்டு சார். உங்களுக்கு அனுப்பறேன், பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். அனுப்பினாள். நான்கு தூண், ஒரு தளம். மூன்று நிறத்தில் வண்ணம் அடித்து, முன்னால் நீலப் பலகையில் 'பாரம்பரியக் கலையரங்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். கீழே என்னுடைய வாக்கியம்: 'பழைமையானது, ஒலியியல் சிறப்பு மிக்கது.' படத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். நான் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, அது இது இல்லை அம்மா, அந்த இடம் இப்போது இல்லவே இல்லை, அந்தப் பக்கத்தையே எடுத்துவிடு என்று கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு எடத்த நீக்கணும்னா தனியா ஆர்டர் வாங்கணும் சார். வேணா நீங்க ஒரு லெட்டர் குடுங்க, குறிப்புல வச்சு அனுப்பறேன்" என்றாள்.

மறுநாள் கூத்தாநல்லூருக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் நான் பாயின் வீட்டுக்குப் போனதே கிடையாது. அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். "வாங்கண்ணே, உள்ள வாங்க. அவுகளுக்கு இப்ப ஒண்ணுமே விளங்கறதில்ல, சத்தமாப் பேசுங்க" என்றார். பாய் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். காது மிஷின் ஒன்று டப்பாவோடு அலமாரியில் இருந்தது. மகன் குவைத்திலிருந்து வாங்கி அனுப்பியதாம். "அதுலயும் சத்தம்தான் சார் வருது" என்றார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை விட்டுவிட்டு, "என்னை மன்னிச்சிருங்க பாய்" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். "மண்ணா? மண்ண எல்லாம் அன்னிக்கே அள்ளிட்டுப் போயிட்டாங்க சார். நல்ல ஆத்து மணலு" என்றார். இன்னும் உரக்கச் சொன்னேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பாய் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைக்கு ஆட்டுகிற தலை. மூன்றாவது தடவை நான் கத்தியபோது கையமர்த்தினார். கிழித்துப் போட்டிருந்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பி, பேனாவையும் சேர்த்து என் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் குடுங்க சார்" என்றார்.

'தங்களிடம்' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். 'என்னுடைய சொல்லாட்சியினால்' என்று எழுதி அதையும் அடித்தேன். பாயின் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறார் என்பது போல நின்று பார்த்தார். கடைசியில், "கொட்டகைய நான்தான் பாய் இடிச்சேன்" என்று எழுதிக் கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

பாய் தாளைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்து, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு, "இடிச்சேன்னு எழுதியிருக்கீங்க, புலவரு நீங்க" என்று லேசாகச் சிரித்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கும் ஒரு வரிதான சார் கேட்டேன்" என்றார்.